கவர் பிரிக்காத கைப்பை

காரைக்காலில் ஒரு பெண்ணின் கைப்பையை மோந்து பார்த்தே, அவர் கடைசியாக எந்த விசேஷத்துக்குப் போய்வந்தார் என்று என்னால் சொல்லிவிட முடியும். பெருமைக்குச் சொல்லவில்லை, தொழில் அப்படி. நெய்ச்சோறும் அதற்கு ஊற்றுகிற பருப்புத் தாளிச்சாவும் மணந்தால் முஸ்லிம் வீட்டு நிக்காஹ். சந்தனமும் சாம்பாரும் என்றால் மண்டபத்தில் நடந்த முகூர்த்தம். மாம்பழச் சாறு பிசுபிசுத்தால் சந்தேகமே வேண்டாம், மாங்கனித் திருவிழா. அன்றைக்கு மாடிகளிலிருந்து மாங்கனி இறைப்பார்கள், கீழே நிற்கிற கூட்டம் பிடிக்கும். முந்தானையை ஏந்தலாம், துண்டை விரிக்கலாம். எங்கள் ஊர்ப் பெண்கள் சிலர் கைப்பையின் ஜிப்பைத் திறந்துகொண்டு அண்ணாந்து நிற்பார்கள். பழம் குறி தவறாமல் உள்ளே விழுந்து, செல்போன், சீப்பு, வீட்டுச் சாவி எல்லாவற்றோடும் சேர்ந்து நசுங்கும். அடுத்த வாரம் என் வீட்டு வாசலில் வரிசை. சாமி கொடுத்த பழத்தின் கறையை சோப்புப் போட்டு எடுத்தால் குற்றமாகாதா என்று வேறு கேட்பார்கள். எடுக்காவிட்டால் எறும்பு மொய்க்கும், அது பரவாயில்லையா என்று நான் கேட்பேன்.

வீட்டின் முன்னறைதான் கடை. என் வீட்டுக்காரர் பெட்டி, பைகளுக்கு ஜிப் மாற்றுகிறவர், அறுந்த வாரைத் தைத்துக் கொடுக்கிறவர். அவர் தைத்து முடித்த பைகளைத் துடைத்துக் கொடுக்க ஆரம்பித்த நான், துடைப்பதையே தொழிலாக்கிக்கொண்டேன். குரு என்று யாரும் கிடையாது. செல்போனில் யாரோ யாரோ செய்து காட்டியதைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். முதன்முதலில் என்னுடைய சிவப்புப் பையிலேயே பிளீச்சிங் பவுடரைக் கரைத்துப் பூசினேன். கறை போயிற்று, சிவப்பும் போயிற்று. அந்தப் பையை இன்னும் சுவரில் ஆணியடித்து மாட்டி வைத்திருக்கிறேன். அதைப் பார்த்த பிறகும் என்னிடம் பையைக் கொடுப்பவர்கள் உண்மையிலேயே துணிச்சல்காரர்கள்.

இந்தத் தொழிலில் கறையை எடுப்பது கஷ்டமில்லை. “இது அசல் லெதர்” என்று நீட்டுகிறவரிடம், இது ரெக்சின் என்று சொல்வதுதான் கஷ்டம். துபாயிலிருந்து வந்ததாயிற்றே என்பார்கள். துபாயிலும் ரெக்சின் விற்கிறார்கள் என்று சொன்னால் அவர்களுக்கு முகம் சுண்டிவிடும். தம்பி கொண்டுவந்தது, மாப்பிள்ளை அனுப்பியது என்று ஒவ்வொரு பைக்குப் பின்னாலும் ஓர் ஆள் நிற்பார், அவரையே நான் ரெக்சின் என்று சொல்லிவிட்ட மாதிரி வருத்தப்படுவார்கள். அதனால் இப்போதெல்லாம் கேட்டால் மட்டும் சொல்கிறேன், கேட்காவிட்டால் துடைத்துக் கொடுத்துவிடுகிறேன்.

இன்னொரு பழக்கமும் வைத்திருக்கிறேன். எந்தப் பை வந்தாலும் முதலில் உள்ளறைகளையெல்லாம் வெளியே இழுத்துப் பார்த்துவிடுவேன். உள்ளே இருப்பதை ஒரு காகிதக் கவரில் போட்டு, பையோடு திருப்பிக் கொடுப்பேன். ஊக்கு, தொழுகையில் எண்ணுகிற தஸ்பீஹ் மணி, கோட்டுச்சேரி பஸ் டிக்கெட், பாதி தின்ற பிஸ்கட், யாருக்கும் காட்டாத ஜாதகம், இப்படி எத்தனையோ வந்திருக்கின்றன. எதைப் பற்றியும் யாரிடமும் வாய் திறந்ததில்லை. என் வீட்டுக்காரரிடம் சொல்வதே இல்லை. அவர் நல்லவர்தான், ஆனால் அவரிடம் காலையில் சொன்னது சாயங்காலத்துக்குள் பெரிய பள்ளிவாசலைச் சுற்றிக்கொண்டு திரும்ப என்னிடமே வந்துவிடும்.

சரி, ராத்தாவின் பைக்கு வருகிறேன். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்பார்கள். இரண்டு தெரு தள்ளி இருக்கிற இவரை நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். வீட்டுக்காரர் வளைகுடாவில் ஒரு பெரிய வீட்டில் டிரைவர். கடைசியாக லீவில் வந்து போய் ஐந்து வருஷமாகிவிட்டது. வரவேண்டிய வருஷங்களிலெல்லாம் இங்கே வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள், அவருடைய விமான டிக்கெட்டுகளெல்லாம் சிமெண்டாகிச் சுவரில் ஏறிவிட்டன.

மாங்கனி முடிந்த மறுவாரம் ராத்தா வந்தார். கையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் கவர். அதற்குள் இன்னொரு கவர். அதற்குள் நூல் கட்டிய மூன்றாவது கவர். மூன்றாவதைப் பிரித்ததும் அந்துருண்டை நாற்றம் முகத்தில் அறைந்தது. உள்ளே காபி நிறத்தில் ஒரு தோல் கைப்பை இருந்தது. இருந்தது என்று ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான், மேலே முழுக்க வெள்ளையும் பச்சையுமாகப் பூசணம் பூத்துக் கிடந்தது.

இது எங்கள் ஊருக்கே உரிய வியாதி. புதிதாக எது வாங்கினாலும் முதலில் அதன் கவரைத்தான் காப்பாற்றுவோம். டிவி ரிமோட்டுக்குக் கவர், ஃபிரிட்ஜ் கைப்பிடிக்குக் கவர், சோபாவுக்குக் கவர். விருந்தாளி உட்கார்ந்தால் சரசரவென்று சத்தம் வரும், அவர் எழுந்து போகிறவரை அசையப் பயப்படுவார். கடல் காற்று வீசுகிற ஊரில் தோலைக் கவருக்குள் போட்டு பீரோவில் பூட்டினால் அது மூச்சுத் திணறிப் பூத்துவிடும் என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்க மாட்டார்கள். வெளியே இருந்தால் தூசி படுமே என்பார்கள். தூசியை ஊதினால் போய்விடும், பூசணம் போகுமா?

“ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னுதான் தங்கச்சி இவ்வளவு பத்திரமா வச்சேன்” என்றார் ராத்தா. அவருடைய வீட்டுக்காரர் கடைசியாக வந்தபோது கொடுத்த பை அது. பன்னிரண்டு நாளில் அவர் கேன்சலில் வருகிறார், அதாவது விசாவை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வருகிறார். அதற்குள் பை பழையபடி ஆகவேண்டும். நான்கு நாள் கொடுங்கள், பார்க்கிறேன் என்று வாங்கி வைத்தேன். பை நல்லது, அசல் தோல். ஒருவரிடம் அதைச் சந்தோஷமாகச் சொல்ல முடிந்த அபூர்வமான நாள் அது.

கொல்லையில் வைத்து, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, பூசணத்தை உலர்ந்த பிரஷால் தட்டி எடுத்தேன். அதன்பிறகு வினிகரைத் தண்ணீரில் கலந்து, நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி ஒற்றித் துடைத்தேன். தோலை வெயிலில் காயவைக்கக் கூடாது, அப்பளமாகிவிடும். நிழலில் போட்டுவிட்டு, வழக்கம்போல உள்ளறைகளை இழுத்துப் பார்த்தேன். பெரிய அறையில் கசக்கிய அரபிச் செய்தித்தாள். உள் ஜிப்பைத் திறந்து லைனிங்கை வெளியே இழுத்தபோது, நான்கு விரற்கடை நீளத்துக்கு ஒரு நீலக் கோடு தெரிந்தது. மூடாத பேனா இழுத்த கோடு. அதற்குப் பக்கத்தில் கருஞ்சிவப்பில் லிப்ஸ்டிக் கறை.

ராத்தா லிப்ஸ்டிக் போடுகிற ஆளில்லை. அவர் உதட்டில் வெற்றிலைச் சிவப்பைத் தவிர வேறெதையும் நான் பார்த்ததில்லை. பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அடி மூலைகள் நான்கும் தேய்ந்திருந்தன, தேய்ந்த இடத்தில் ஷூ பாலிஷ் பூசியிருந்தார்கள். கைப்பிடியின் உட்பக்கம் கை பட்டுப் பட்டு வழவழத்துக் கறுத்திருந்தது. யாரோ ஒரு பெண் இந்தப் பையை ஒரு வருஷமாவது நன்றாக மாட்டிக்கொண்டு சுற்றியிருக்கிறாள்.

அரை நாள் என் புத்தி போகக்கூடாத இடத்துக்கெல்லாம் போயிற்று. ராத்தாவின் வீட்டுக்காரரை மனதுக்குள் என்னவெல்லாமோ சொல்லித் திட்டினேன். மத்தியானம், தையல்களைச் சுத்தம் பண்ணும்போது, பல் தேய்க்கிற பிரஷின் நார் இரண்டு நூலுக்குள் சிக்கியிருந்ததைப் பார்த்தேன். ஒவ்வொரு தையலிலும் பாலிஷை அளவாகத் தேய்த்து ஏற்றியிருந்தது. பொறுமையான கை. வேறு தொடுப்பு வைத்திருக்கிறவன் பல் பிரஷை எடுத்துக்கொண்டு இப்படி உட்கார மாட்டான். யாரோ வேண்டாமென்று போட்ட பையை வாங்கித் தேய்த்து, புதுசு என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். திட்டியதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அது என் விஷயமில்லை. என் விஷயம் கறை. பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் தொட்டு, கோட்டை அமுக்காமல் ஒற்றி ஒற்றி இரண்டு நாளில் எடுத்தேன். லிப்ஸ்டிக்கைப் பாத்திர சோப்பு நுரையால் எடுத்தேன். மூலைகளில் பாலிஷைக் கழற்றிவிட்டு, சாயத்தை நிறம் பார்த்துக் கலந்து பூசினேன். கைப்பிடியின் கறுப்பையும் விடவில்லை. கடைசியில் களிம்பு தடவித் தேய்த்து வைத்தபோது, பை அப்போதுதான் கடையிலிருந்து வந்ததுபோல இருந்தது. என் கையை நானே மெச்சிக்கொண்டேன்.

ராத்தா வந்து பார்த்தார். கையில் எடுக்கக்கூட இல்லை. ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தார்.

“புத்தம் புதுசா இருக்கே தங்கச்சி” என்றார். அழுகிற குரல்.

விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. பையை அவர் ஒருநாள்கூட மாட்டியதில்லை. ஆனால் வாராவாரம் போனில் வீட்டுக்காரர் கேட்பாராம், பையை எடுத்துக்கொண்டு போனாயா என்று. போனேன் என்று இவர் சொல்வாராம். முதல் தடவை, மனிதர் ஆசையாகக் கேட்கிறாரே என்று சொன்னது. பிறகு நிறுத்த முடியவில்லை. வரிச்சிக்குடிக் கல்யாணத்துக்கு எடுத்துப் போனேன், எல்லாரும் விலை கேட்டார்கள். நாகூருக்கு எடுத்துப் போனேன், பஸ்ஸில் ஒரு அம்மா தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எந்தப் புடவைக்கு அது பொருந்தியது என்பதுவரை சொல்லியிருக்கிறார். ஐந்து வருஷத்தில் அந்தப் பை பீரோவை விட்டு நகராமலே அரை ஜில்லாவைச் சுற்றி வந்திருக்கிறது.

“ஒரு தடவகூட வீடியோவுல காட்டுன்னு கேட்டதில்ல தங்கச்சி. அவ்வளவு நம்பிக்க. இப்ப வந்து இதைப் பாத்தா தெரிஞ்சிடாதா? பைக்கே பொய் சொன்னவ வேற எதுக்கெல்லாம் சொன்னாளோன்னு தோணுமா தோணாதா?”

எனக்குச் சிரிப்பு வந்தது, அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். ஏன்தான் மாட்டவில்லை என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். “அவங்க அங்க வெயில்ல வண்டிக்குள்ள உக்காந்து வேகுறாங்க. நான் இங்க தோல் பைய மாட்டிக்கிட்டு யாருக்குக் காட்ட?”

அதற்கு மேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பெண்ணுக்கு வேண்டியது கொஞ்சம் தேய்ந்த மூலை, கொஞ்சம் கறுத்த கைப்பிடி, உள்ளே எங்காவது ஒரு கோடு. எல்லாம் அந்தப் பையிலேயே இருந்தன. நான்கு நாள் முதுகு ஒடிய உட்கார்ந்து அத்தனையையும் நான்தான் துடைத்து எடுத்திருந்தேன். அதைச் சொல்லவும் முடியாது. சொன்னால் கோட்டைப் போட்டது யார் என்ற கேள்வி வரும்.

எட்டு நாள் இருந்தது. பொய்க் கறை போட மாட்டேன், அதற்கு என் கை வராது என்று சொல்லிவிட்டேன். ஒரே வழி, எட்டு நாளும் தூங்குகிற நேரம் தவிர பையை மாட்டிக்கொண்டே இருக்கவேண்டும். தலைக்கு எண்ணெய் தடவிய கையைக் கழுவாமல் பிடிக்கவேண்டும். கடைக்குப் போனால் தரையில் வைக்கவேண்டும். ராத்தா தலையாட்டினார். மறுநாள் தெருவில் பார்த்தேன், கைப்பிடியில் கைக்குட்டையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு போகிறார். கூப்பிட்டுக் கைக்குட்டையைப் பிடுங்கினேன். அதற்கு மறுநாள் கோட்டுச்சேரி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் பேப்பர் விரித்து, அதன்மேல் பையை உட்காரவைத்துக்கொண்டு போனதாக அவரே பெருமையாகச் சொன்னார். டிக்கெட் எடுத்தீர்களா அதற்கு என்று கேட்டேன்.

நான்காம் நாள் ஆள் மாறிவிட்டார். பைக்கு வேலை வேண்டுமே என்று போகாத வீட்டுக்கெல்லாம் போனார். இரண்டு வருஷமாகப் பேசாதிருந்த நாத்தனாரைப் போய்ப் பார்த்தார். ஒருநாள் காலை மண்டபத்தூருக்கே போய்விட்டார், படகு வந்ததும் மீன் வாங்கலாம் என்று. வாரில் இரண்டு செதிலும் பை முழுக்க வாடையுமாகத் திரும்பி வந்தார். நான் பிறந்ததே மண்டபத்தூரில், மீன் வாடைக்குள். எனக்கே பொறுக்கவில்லை. ராத்தா, தேய வேண்டும் என்றுதான் சொன்னேன், கருவாடாக வேண்டும் என்று சொல்லவில்லை என்று கடிந்துகொண்டு, வாடையை மட்டும் எடுத்துக் கொடுத்தேன்.

ஏழாம் நாள் மத்தியானம் ஒரு நிக்காஹ் விருந்திலிருந்து நேரே என் வீட்டுக்கு வந்தார். மூச்சு வாங்கியது, முகமெல்லாம் மலர்ந்திருந்தது. “கறை பட்டிடுச்சு தங்கச்சி” என்றார். ஒரே தட்டைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து சாப்பிட்டபோது, யாரோ தாளிச்சாவைத் தள்ளி ஊற்றியிருக்கிறார்கள். மூடியின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு திட்டு. மேலே இருந்ததைத் துடைத்தேன். தையல் நூலில் ஏறிய மஞ்சளை விட்டுவிடச் சொன்னார். கறைக்காக அழுகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன், ஒரு கறையைக் காட்டி இப்படிப் பூரித்தவரை அன்றுதான் பார்த்தேன். அந்தம்மாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா என்று என் வீட்டுக்காரர் ஜிப்பும் கையுமாகக் கேட்டார். வெயில் என்றேன்.

ராத்தாவின் வீட்டுக்காரர் வந்து இறங்கினார். நான்கு நாள் ஒரு தகவலும் இல்லை. எனக்கு இங்கே வேலை ஓடவில்லை. அவர் நம்பியிருந்தால் ராத்தா சொல்லி அனுப்பியிருப்பாரே, பிடிபட்டிருந்தால் ஓடி வந்திருப்பாரே என்று மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு, என் வீட்டுக்காரர் ஜிப் வாங்கக் கும்பகோணம் போயிருந்த நேரத்தில், ராத்தாவின் வீட்டுக்காரரே வந்தார். நெடுநெடுவென்று உயரம், ஒல்லி, காதோரம் நரை. பையைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். வார்த் தையல் விட்டிருக்கிறது, பார்க்கவேண்டும் என்றார். பார்த்தேன். தையல் இரும்பாக இருந்தது. விடவில்லையே பாய் என்றேன். அவர் அதைக் காதில் வாங்காமல் உள் ஜிப்பைத் திறந்து, லைனிங்கை இழுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அந்தப் பக்கம், இந்தப் பக்கம் புரட்டினார்.

“இங்க ஒரு நீலக் கோடு இருந்துச்சே?”

என் கண் தானாக ஸ்பிரிட் பாட்டில் பக்கம் போயிற்று. அதுவே அவருக்குப் பதிலாகிவிட்டது போலிருக்கிறது. ராத்தா உட்கார்ந்த அதே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

அவர் வண்டி ஓட்டிய பெரிய வீட்டு எஜமானியம்மா குப்பையில் போடச் சொல்லிக் கொடுத்த பையாம் அது. போட மனமில்லாமல் அறைக்கு எடுத்து வந்திருக்கிறார். மூன்று வெள்ளிக்கிழமை, விடுமுறை நாள் முழுக்க உட்கார்ந்து, தன் பல் பிரஷாலேயே தேய்த்திருக்கிறார். எல்லாம் போயிற்று, உள்ளே இருந்த கோடும் சிவப்பும் போகவில்லை. ஜிப்பை மூடிவிட்டு, பெரிய மாலில் வாங்கியது என்று சொல்லி மனைவியிடம் கொடுத்துவிட்டார். கொடுத்த மறுநாளே விமானம் ஏறிவிட்டார், இருந்து பார்க்கத் தைரியமில்லையாம்.

அப்புறம் எதற்குப் பாய் வாராவாரம் கேட்டீர்கள் என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. நல்லவேளை, எனக்கு அது எப்படித் தெரியும் என்று யோசிக்கிற நிலையில் அவர் இல்லை.

“எடுக்கலன்னு சொல்லிட மாட்டாளான்னுதாங்க கேப்பேன். ஒவ்வொரு வாரமும் எடுத்தேன் எடுத்தேன்னே சொன்னா. எடுத்தவ ஜிப்பைத் தொறக்காமலா இருப்பா? பாத்துட்டா, பாத்தும் கேக்காம இருக்கான்னே அஞ்சு வருஷமும் நெனச்சேன். திட்டியிருந்தாக்கூடத் தேவலங்க. அவ பெரிய மனசோட சும்மா இருக்கான்னு நெனச்சுத்தான் எனக்குத் தொண்டையில சோறு எறங்கல.”

இங்கே ராத்தா அவரைச் சந்தோஷப்படுத்தச் சொன்ன ஒவ்வொரு பொய்யும் அங்கே அந்த மனிதரை வாட்டியிருக்கிறது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர் என்னைப் பார்த்து, ராத்தா அந்தக் கோட்டைப் பார்த்தாரா, உங்களிடம் ஏதாவது சொன்னாரா என்று கேட்டார். பார்க்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மனிதர் பிழைத்துப் போவார். ஆனால் ஐந்து வருஷம் பையை மாட்டியவள் எப்படிப் பார்க்காமல் இருப்பாள் என்று அடுத்து கேட்பார். அதற்குப் பதில் ராத்தாவுடையது, என்னுடையதில்லை. என் பழக்கத்தின்மேல் எனக்கே கோபம் வந்தது அன்றைக்குத்தான்.

“அதை அவங்ககிட்டயே கேளுங்க பாய். இன்னிக்கே கேளுங்க. கோட்டைப் பத்தி நீங்களா மொதல்ல சொல்லிட்டுக் கேளுங்க” என்றேன்.

பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி எழுந்து போனார். பையை மறந்து வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு ஒரு டீச்சரின் வெள்ளைத் துணிப்பையில் வினிகர் என்று நினைத்து டீயைத் தொட்டுவிட்டேன்.

மறுநாள் காலை இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். வந்தவர்கள் என்னைத்தான் திட்டினார்கள். ராத்தா ஆரம்பித்தார், பாய் பின்பாட்டுப் பாடினார். எங்கள் இரண்டு பேர் பொய்யும் தெரிந்திருந்தும் ஒரு வார்த்தை சொல்லாமல் கல்லுப் பிள்ளையாராக உட்கார்ந்திருந்தாயே, நீயெல்லாம் ஒரு தங்கச்சியா என்றார் ராத்தா. அந்தக் கோட்டை நீ எடுக்காமல் விட்டிருந்தால் நான் மண்டபத்தூர் வரை போய் மீனோடு மல்லுக்கட்டியிருக்க வேண்டாமே என்றார். உள்ளே இருந்து என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். என்ன பிரச்சினை என்று கேட்டார். வார்த் தையல் என்றேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஊசியோடு வந்துவிட்டார், நான்தான் சமாளித்து உள்ளே அனுப்பினேன்.

திட்டி முடித்துச் சிரித்து முடித்தபோது, ராத்தா பையை மடியில் வைத்துக்கொண்டார். தாளிச்சா ஏறிய தையலை விரலால் தடவிக்கொண்டே பேசினார்.

“வாரம் தவறாம பேசுனோம் தங்கச்சி. கிடைக்கறது அரை மணி நேரம். அதுல பாதிய இந்தப் பைக்கே கொடுத்திருக்கோம். பேச எவ்வளவு இருந்துச்சு.”

பாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அரை மணி நேரங்களை எந்த ஸ்பிரிட்டைப் போட்டு எடுப்பது?

மஞ்சளை எடுத்துவிடட்டுமா என்று கடைசியில் நான்தான் கேட்டேன். இருக்கட்டும் என்றார் பாய். எடுத்துவிடு என்றார் ராத்தா, கறையோடு மாட்டிக்கொண்டு திரிய நான் என்ன நாதியற்றவளா என்று கேட்டார். அதிலேயே ஒரு சின்னச் சண்டை வந்தது. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம், இப்போது மீன் வாங்கப் போகவேண்டும் என்று ராத்தா எழுந்தார். மூன்று பிளாஸ்டிக் கவரையும் நான் அவருக்காக எடுத்து வைத்திருந்தேன். கொடுத்தேன். அவற்றைச் சுருட்டி என் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு நடந்தார்.

மீன் வாங்கக் கை வேண்டுமே என்று, வாசல் இறங்கும்போது பையைப் பாயிடம் கொடுத்தார். அவர் அதைத் தன் தோளில் மாட்டிக்கொண்டார். எதிரே வந்த இரண்டு பேர் சிரித்தார்கள், அவர் கவனிக்கவில்லை. ராத்தா கையை ஆட்டி ஆட்டி எதையோ சொல்லிக்கொண்டு போனார், அவர் குனிந்து கேட்டுக்கொண்டே போனார், நடுவில் நின்று அவரும் ஏதோ சொன்னார். இங்கிருந்து எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. தெருமுனை திரும்புகிறவரை அவர்கள் பேச்சு நிற்கவில்லை.